நாற்பத்தாறாம் பல்

எனக்கு வயது நாற்பத்தொன்று.
என் பல்லுக்கு நாற்பத்தாறு என்று
கேஸ் பேப்பரில் எழுதினார்கள்.

மூன்றாம் மாடி வேர் பார்ப்பவர்களுடையது.
ஐந்தாம் மாடி ஈறு பார்ப்பவர்களுடையது.
லிஃப்ட் டாக்டர்களுடையது.

மூன்றில் பல்மேல் பனிக்கட்டி வைத்து
ஜில்லென்றால் கையைத் தூக்கச் சொன்னார்கள்.
கை மடியிலேயே கிடந்தது
பஸ்ஸில் தூங்கிப்போனவளின் கை மாதிரி.
'நரம்பு செத்துவிட்டது.
ஆனால் ஈறும் இறங்கியிருக்கிறதே,
ஐந்துக்குப் போங்கள்.'

ஐந்தில் கோடு போட்ட ஒரு கம்பியைப்
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி
ஒருத்தி சொல்ல ஒருவன் எழுதினான்:
மூன்று, மூன்று, நான்கு, ஒன்பது.
ஒன்பதில் நிறுத்தி, மறுபடி இறக்கினாள்.
'ஒன்பது மில்லிமீட்டர் பாக்கெட்.'

தாராவியில் பதினாறு வருஷமாய்
லேடீஸ் பர்ஸுக்குப் பாக்கெட் தைக்கிறேன்.
சில்லறைக்கு ஒன்று, சீப்புக்கு ஒன்று,
என் சொந்தப் பர்ஸில் மட்டும்
வீட்டுக்காரருக்குத் தெரியாத நோட்டுக்கு
லைனிங்குக்குள் ஒன்று.
வாய்க்குள் ஒன்று இருந்தது
எனக்கே தெரியவில்லை.
யாரும் ஆர்டர் கொடுக்காத பாக்கெட்.

'முதலில் வேரை முடித்துக்கொண்டு வாங்க.'
இறங்கும் வழியில் நாலாம் மாடியில் உட்கார்ந்தேன்.
அங்கே பல்செட் செய்கிறார்கள்.
திறந்த கதவுக்குள் மேஜை நிறைய
ரோஸ் நிற ஈறோடு சிரித்துக்கொண்டிருந்தன
சொந்தக்காரர் இன்னும் வராத வாய்கள்.

ருதுஜா என்று ஒரு பெண், படிக்கிற டாக்டர்,
பேச்சியம்மாளைப் 'பெச்சியம்மல்' என்று கூப்பிடுகிறவள்,
என் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு
தானே ஐந்துக்கு ஏறினாள். பின்னாலேயே நான்.
இரண்டு மாடியும் ஒரே விளக்கின் முன் நின்று
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தது.
வேர்நுனியிலிருந்து மேலே ஏறிய கறுப்பும்
ஈற்றோரத்திலிருந்து கீழே இறங்கிய கறுப்பும்
நடுவழியில் கைகோத்திருந்தன.
எது முதலில் என்றான் ஒரு பையன்.
'சேர்ந்தபிறகு கேட்கிறாயே' என்றார் பெரிய டாக்டர்.
'முதலில் உள்ளே. ஆற விடு. அப்புறம் வெளியே.'

இது எனக்குத் தெரியும்.
லைனிங்கும் கிழிந்து தையலும் விட்ட பை வந்தால்
மேலே எத்தனை அழகாய்த் தைத்தாலும்
போட்ட காசு உள்ளுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

நான்கு நடை மூன்றாம் மாடிக்கு.
ஒரு நடைக்கு முப்பது பர்ஸ் நஷ்டம்.
வாயில் ரப்பர் துணி விரித்து
கக்கூஸ் கழுவுகிற வாசனையில் எதையோ பீய்ச்சினார்கள்.
வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளையை
வேருக்குள் அடைத்து அனுப்பினார்கள்.
'ரெண்டு வருஷமாய் என்ன செய்தீர்கள்?'
இடப்பக்கம் மென்றேன் என்றேன்.
வாயில் துணி இருந்தது,
அவளுக்குக் கேட்டிருக்காது.

அப்புறம் ஐந்தாம் மாடி.
ஈற்றைப் பிரித்து, வேரைச் சுரண்டி, மூடித் தைத்தார்கள்.
கறுப்பு நூல். நாலு தையல்.
கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
மூன்றாவதில் இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி.
சொல்லவில்லை, தைத்த பையனுக்கு
கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

லைனிங்குக்குள் இருந்த நோட்டுகள்
கேப்பாகிவிட்டன.

ஆறு மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே.
கறுப்புக்குள் கொஞ்சம் சாம்பல் தெரிந்தது.
எலும்பா என்றேன்.
'இருக்கலாம்' என்றாள் ருதுஜா.
பல் நிற்குமா?
'நிற்கலாம்.'
இந்தத் தடவை என் பேரைச் சரியாய்ச் சொன்னாள்.
அதனால் நம்பலாம் என்றில்லை.

சாயங்கால ரயிலில் வறுத்த கடலை வாங்கினேன்.
ஒன்றை எடுத்து வலப்பக்கம் வைத்தேன்.
கடிக்கவில்லை.
சயானில் கூட்டம் என்னை இறக்கிவிடும்வரை
அது அங்கேயே இருந்தது,
ஊறிக்கொண்டு.